காத்திருந்த நேரத்துக்கு யார் கூலி கொடுப்பது?

கோழிக்கு ஆயுதபூஜையும் தெரியாது, ஞாயிற்றுக்கிழமையும் தெரியாது. நாமக்கல்லைச் சுற்றியுள்ள முட்டைக்கோழிப் பண்ணைகளில் வேலைக்குச் சேருகிறவர்கள் கற்கும் முதல் பாடம் இது. ஒரு முட்டை இட்ட கோழிக்கு அடுத்த முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகும். அதனால் நாளுக்கு நாள் கொஞ்சம் தள்ளித் தள்ளி இட்டு, நேரம் பிற்பகலைத் தொட்டதும் ஒரு நாள் விட்டுவிட்டு, மறுபடி காலையில் தொடங்கும். பெரும்பாலான முட்டைகள் முற்பகலிலேயே விழுந்துவிடும். சூரிய வெளிச்சமும் விளக்கு வெளிச்சமும் சேர்ந்து நாளுக்கு 16 மணி நேரம் கிடைக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். வெளிச்சம் குறைந்தால் முட்டை குறையும். தீவனம், தண்ணீர், விளக்கு, முட்டை பொறுக்குவது என்று பண்ணையின் முழுநாளையும் அந்தப் பறவையின் உடம்புதான் வகுத்துக் கொடுக்கிறது. பண்ணைக்காரர் வீட்டில் கல்யாணம் என்றாலும், முகூர்த்தத்துக்கு முன்னால் யாராவது ஒருவர் ஷெட்டுக்குப் போய்விட்டு வந்தாக வேண்டும்.

முட்டை கூண்டைத் தாண்டியதும் கணக்கு மாறிவிடுகிறது. புரட்டாசி பிறந்தால் வீடுகளில் கவிச்சி நின்றுவிடும். கார்த்திகையில் ஐயப்ப மாலை விழும். வடக்கே குளிர் ஏறினால் முட்டைக்குக் கிராக்கி ஏறும். 1982-ல் உருவான தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கு அறிவிக்கும் விலை இந்த மாதங்களையெல்லாம் பார்த்து ஏறும், இறங்கும். கோழியோ புரட்டாசியிலும் அதே மாதிரி இட்டுக்கொண்டிருக்கும். ஒரே பொருளுக்கு இரண்டு காலக்கணக்கு. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பவர் பண்ணைக்காரர்.

"நம்ம ஆளுங்களுக்கு நேரத்தோட அருமை தெரியாதுங்க" என்ற பேச்சு நமக்குப் பழகிவிட்டது. மேடையில் தாமதமாக வந்து அமர்கிற சிறப்பு விருந்தினரே இதைச் சொல்வார். வெளிநாட்டு அறிஞர்களும் தங்கள் பங்குக்கு அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க மானுடவியலாளர் எட்வர்ட் ஹால், ஒரு நேரத்தில் ஒரு வேலை பார்க்கிற சமூகங்கள், ஒரே நேரத்தில் பல வேலை பார்க்கிற சமூகங்கள் என்று உலகத்தை இரண்டாகப் பிரித்து 1983-ல் ஒரு புத்தகமே எழுதினார். உளவியலாளர் ராபர்ட் லெவின் 31 நாடுகளில் மக்கள் நடக்கும் வேகத்தையும், தபால் ஊழியர் ஸ்டாம்பு எடுத்துத் தரும் வேகத்தையும், வங்கிக் கடிகாரங்களின் துல்லியத்தையும் அளந்து பட்டியல் போட்டார். சுவிட்சர்லாந்து முதலிடம், மெக்சிகோ கடைசி. சுவையான ஆராய்ச்சிதான். ஆனால் சேலம், நாமக்கல் சமவெளியில் இந்தப் பிரிவினையைக் கொண்டுவந்து வைத்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது. இங்கே ஒரே தெருவில், சில வீடுகளில் ஒரே ஆளுக்குள், நாலைந்து கடிகாரங்கள் ஓடுகின்றன. அவற்றில் எது வேகம், எது மெதுவு என்பதல்ல கேள்வி. யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள், அந்த நேரத்தின் நஷ்டம் யார் தலையில் விடிகிறது என்பதுதான் கேள்வி.

இரண்டு நிமிடச் சண்டை

சேலம் புது பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ் கண்டக்டர்கள் இருவர் குரலை உயர்த்தினால், காரணம் பெரும்பாலும் இரண்டு நிமிடமாகத்தான் இருக்கும். எந்த வண்டி எந்த ஊரில் எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்பது பர்மிட்டோடு சேர்ந்த சமாச்சாரம். போக்குவரத்து அதிகாரிகள் வண்டி உரிமையாளர்களைக் கூப்பிட்டு வைத்துத்தான் இதை முடிவு செய்வார்கள். ஒத்துக்கொள்ளாதவர்கள் கோர்ட்டுக்குப் போவார்கள். முன்வண்டி இரண்டு நிமிடம் நின்று எடுத்தால், பின்வண்டிக்கு ஏற வேண்டிய ஆட்களை அது அள்ளிக்கொண்டு போய்விடும். "உன் டைம் முடிஞ்சுபோச்சு, வண்டியை எடு" என்று டிக்கெட் பையோடு ஒருவர் கத்துகிறாரே, நிமிடத்தின் விலை அவருக்குத் தெரியாது என்று யாராவது சொல்ல முடியுமா? 2017 நவம்பரில் ஜப்பானில் த்சுகுபா எக்ஸ்பிரஸ் ரயில் 20 வினாடி முன்னதாகக் கிளம்பிவிட்டது என்று அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டபோது உலகமே வியந்தது. நம் பஸ் ஸ்டாண்டில் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

அதே கண்டக்டர், வரவேற்பு மாலை ஏழு மணி என்று பத்திரிகையில் போட்டிருந்தால் எட்டரைக்குப் போவார். ஏழு மணிக்கே போனால் மண்டபத்தில் நாற்காலிகளோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். அவர் எங்கே பிசகினால் காசு போகுமோ அங்கே நிமிடம் பார்க்கிறார். போகாத இடத்தில் மனுசரைப் பார்க்கிறார்.

கடிகாரமே இங்கே கொஞ்சம் வெளியூர்ச் சரக்கு. 1906 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடுவது. சேலம் அதற்கு மேற்கே நான்கு பாகைக்கு மேல் தள்ளி இருக்கிறது. ஆகவே இங்கே சூரியன் உச்சிக்கு வரும்போது கைக்கடிகாரம் சராசரியாக 12 மணி 17 நிமிடம் காட்டும். தினசரிக் காலண்டரில் அச்சாகும் ராகுகாலமோ, ஆறு மணிக்கு விடிந்து ஆறு மணிக்கு அடைகிற ஒரு நாளை எட்டுப் பங்கு போட்டதால் வந்தது. தை மாதத்தில் சேலத்தில் பொழுது கிளம்பவே ஆறரை தாண்டிவிடும். வெள்ளிக்கிழமை பத்தரைக்குப் புது லாரியை எடுக்காமல் பன்னிரண்டு வரை பொறுத்திருக்கிறவர் வானத்துச் சூரியனுக்குக் கட்டுப்படவில்லை, காலண்டர் சூரியனுக்குத்தான் கட்டுப்படுகிறார். கேலிக்காகச் சொல்லவில்லை. ஆலைச் சங்கும் அப்படித்தான். நாலு பேர் ஒத்துக்கொண்டால் அது நேரம்.

நீருக்கும் இங்கே தேதி உண்டு. 1934-ல் திறக்கப்பட்ட மேட்டூர் அணை சேலம் மாவட்டத்தில் இருந்தாலும், ஜூன் 12 என்ற அதன் புகழ்பெற்ற தேதி தஞ்சைப் பக்கத்துக் குறுவைக்காரர்களுடையது. இந்தச் சமவெளிக்குக் கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்களில் ஆகஸ்டு 1 முதல் டிசம்பர் 15 வரை 137 நாள் கணக்கு. கால்வாய் எட்டாத இடத்தில் மும்முனை மின்சாரம் எப்போது வருகிறதோ அப்போது விடியல். நடுச்சாமத்தில் டார்ச்சை எடுத்துக்கொண்டு மோட்டார் போடப் போன தலைமுறை இன்னும் இங்கே இருக்கிறது.

மரவள்ளிக்காரர் கதை இன்னும் கூர்மையானது. பத்து மாதம் மண்ணுக்குள் பொறுமையாகக் கிடக்கிற கிழங்கு, பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் கறுக்கத் தொடங்கிவிடும். ஆத்தூரிலோ நாமகிரிப்பேட்டையிலோ கிழங்கு ஏற்றிய வண்டி ஜவ்வரிசி ஆலை வாசலில் நிற்கும் ஒவ்வொரு மணியும் விவசாயிக்கு நஷ்டம், ஆலைக்கு அல்ல. மாவுச்சத்தைப் 'பாயிண்ட்' பார்த்து விலை போடும்போது, திருப்பி எடுத்துக்கொண்டு போகிறேன் என்று சொல்ல அவருக்கு வழி இல்லை. அவசரத்தில் இருப்பவர் பேரம் பேச முடியாது. ஆலைக்காரர்களுக்கும் ஒரு காலத்தில் இதே நிலைதான். செய்த ஜவ்வரிசியை வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டியிருந்தது. 1981-ல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. கிடங்கில் சரக்கை வைத்து, அதன்மேல் முன்பணம் வாங்கிக்கொண்டு, நல்ல விலைக்கு ஏலம் போகும்வரை பொறுக்கலாம் என்று ஆனது. அந்தச் சங்கம் உற்பத்தியாளருக்குக் கொடுத்த பெரிய சொத்து காத்திருக்கும் தெம்பு. கிழங்குக்காரருக்கு அப்படி ஒரு கிடங்கு இன்னும் வரவில்லை.

பாவும் பாக்கியும்

கைத்தறி வீட்டில் மணி கேட்டால் தறியில் ஏற்றிய பாவு நூலைச் சொல்வார்கள். இந்தப் பாவு முடிய இத்தனை நாள், அடுத்த பாவு தீபாவளிக்கு முன்னால் ஏறிவிடும் என்று. தறிக்குழியில் கணவர் உட்கார்ந்திருக்க, அடுப்பில் சோறு கொதிக்கும் இடைவெளியில் மனைவி தார் சுற்றுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை இழை எடுத்துக் கொடுக்கும். மழை வந்தால் நூல் விறைக்காது, வேலை இழுக்கும். பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் ஈ.பி. தாம்ப்சன் 1967-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், தொழிற்சாலைக்கு முந்தைய இங்கிலாந்தின் நெசவாளரும் இப்படித்தான் இருந்தார் என்று காட்டினார். வேலையை வைத்து நேரத்தை அளந்தவர்களை, நேரத்தை வைத்து வேலையை அளக்கும்படி ஆலை மாற்றியது என்பது அவர் வாதம். அந்த மாற்றம் குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் பாதியில் நின்றுபோய்விட்டது என்பது என் எண்ணம்.

விசைத்தறிக் கூடத்தில் ஷிப்ட் உண்டு. பல இடங்களில் பன்னிரண்டு மணி நேரம். ஆனால் கூலி மணிக்கணக்கில் அல்ல, மீட்டர் கணக்கில். அதாவது நேரத்துக்கு வரச் சொல்கிற கண்டிப்பு ஆலையிலிருந்து வந்திருக்கிறது. வந்த நேரத்துக்குக் காசு என்ற நியாயம் வரவில்லை. பாவு தீர்ந்து அடுத்தது ஏற்றும்வரை தறி நின்றால் கூலி இல்லை. நூல் வரவில்லை என்றால் இல்லை. 2012-ல் சென்னைக்கு வெளியே நாள் முழுக்க மின்வெட்டு விளையாடிய மாதங்களில், கரண்டு வரும்வரை தறிப்பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த உட்கார்ந்த நேரம் வேலையாகக் கணக்காகவில்லை. வீட்டுக்கும் போக முடியாது. எப்போது கரண்டு வரும் என்று யாருக்குத் தெரியும்?

இன்னொரு பக்கம் 'பாக்கி' என்று ஒன்று இருக்கிறது. வேலைக்குச் சேரும்போது முதலாளியிடம் வாங்கும் முன்பணம். மகள் சடங்குக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ வாங்கியது வருடக்கணக்கில் நிற்கும். கணக்குத் தீர்க்காமல் வேறு பட்டறைக்கு மாற முடியாது. புது முதலாளி அந்தப் பாக்கியைக் கட்டி ஆளைக் கூட்டிக்கொண்டு போவதும் உண்டு. பவானி, குமாரபாளையம் வட்டாரத்தில் தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் கீர்ட் டி நெவ் இந்தப் பாக்கியைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். இது வெறும் அடிமைத்தனம் இல்லை, ஆள் பற்றாக்குறைக் காலத்தில் தொழிலாளிகளே பெரிய பாக்கியாகக் கேட்டு வாங்கிப் பேரம் பேசவும் செய்தார்கள் என்பது அவர் கண்டது. அதை ஒத்துக்கொண்டாலும், முதலாளி வாங்குவது இன்றைய உழைப்பை மட்டுமல்ல. அடுத்த வருடத்தையும் சேர்த்து வாங்கிவிடுகிறார்.

எட்டு மணி நேரப் பேச்சு இந்தப் பட்டறைகளின் தலைக்கு மேலேயே போய்க்கொண்டிருக்கிறது. 1923 மே 1 அன்று சென்னையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். ஏறக்குறைய நூறு வருடம் கழித்து, 2023 ஏப்ரல் 21 அன்று, ஆலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு வெடித்ததும் அந்த வருட மே தினத்தன்றே முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். நல்லதுதான். ஆனால் நாலு தறி, ஆறு தறி வைத்து ஓடும் கூடங்களில் பன்னிரண்டு மணி நேரம் எந்த மசோதாவும் இல்லாமலே நடந்துகொண்டிருந்தது. அவற்றில் பல, தொழிற்சாலைச் சட்டம் தொட்ட ஆள் எண்ணிக்கைக்குக் கீழே இருந்தவை.

இப்போது தறியிலும் கோழிப்பண்ணையிலும் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிகளிலும் வடமாநிலத்துப் பிள்ளைகள் நிறையப் பேர். "அவுங்க லீவே போடறதில்லீங்க, நம்ம ஆளுங்களுக்கு மாசத்துல நாலு விசேஷம்" என்று முதலாளிமார் சொல்வதைக் கேட்காத டீக்கடை இல்லை. பார்க்கத்தான் அப்படி. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவருக்கு இங்கே காதுகுத்து இல்லை, கிடாவெட்டு இல்லை, பங்காளி வீட்டு எழவு இல்லை. அவருடைய விசேஷம் எல்லாம் ஆயிரம் மைலுக்கு அப்பால் கிடக்கிறது. ஹோலிக்கோ சட் பூஜைக்கோ ஒருமுறை ரயிலேறினால் ஒரு மாதம் திரும்ப மாட்டார். நம் ஊர்க்காரர் அதே ஒரு மாதத்தைச் சில்லறையாக மாற்றிச் செலவழிக்கிறார். இதற்கு உழைப்பாளி, சோம்பேறி என்று பெயர் சூட்டுவது அநியாயம். தவிர, விசேஷத்துக்குப் போவது பொழுதுபோக்கும் அல்ல. மொய் நோட்டு என்று ஒன்று இருக்கிறது. போன வருடம் நம் வீட்டுக்கு வந்து எழுதிய ஆளின் வீட்டுக்கு இந்த வருடம் போகாமல் இருந்தால் அது கடன். அந்தக் கடனை அடைக்கப் போகிறவர் ஒருவகையில் வேலைக்குத்தான் போகிறார்.

சேலத்தில் இன்னொரு கூட்டம் ராத்திரிதோறும் அமெரிக்காவில் வாழ்கிறது. அங்கே உள்ள மருத்துவமனைகளின் பில்லையும் நோய்க் குறியீட்டையும் கணினியில் போடுகிற இளைஞர்கள். அமெரிக்கர்கள் மார்ச் மாத இரண்டாவது ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறன்று பின்னால் இழுப்பார்கள். அந்த வாரத்தில் இங்கே சாப்பாட்டு நேரம் மாறும், கேப் வரும் நேரம் மாறும். நாம் யாரும் கடிகாரத்தைத் தொடாமலே சில வீடுகளில் நேரம் மாறிவிடுகிறது. இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி, கணினியை இயக்கிய நேரம் பதிவாகும், சம்பளமும் வரும். லாரிக்காரருக்கு அதுகூட இல்லை.

ஒரு நடை என்பது எத்தனை நாள்?

லாரிக்காரர் நாளில் எண்ண மாட்டார், நடையில் எண்ணுவார். நாமக்கல், சங்ககிரி பக்கத்தில் ஒரு டிரைவரிடம் எப்போது ஊருக்கு வந்தீர்கள் என்று கேட்டால், போன நடைக்கு முந்தின நடை என்பார். பேட்டாவும் நடைக்குத்தான். ஒரு வடநாட்டு நடை பத்து நாளிலும் முடியும், இருபது நாளும் இழுக்கும். நாள் கூடுவதால் அவர் கைக்கு வருவது பெரிதாகக் கூடிவிடாது. சாப்பாட்டுச் செலவு கூடும்.

ஓடுகிற நேரம் எல்லாருக்கும் தெரிகிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் மாநில எல்லை வரிச் சோதனைச் சாவடிகள் போயின. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானது, சுங்கச்சாவடி வரிசை சுருங்கியது. 2021 ஜனவரி 1 முதல் இ-வே பில்லின் ஆயுள் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று ஆனது, அதற்கு முன் 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள். அதாவது அரசாங்கமே லாரியிடம், வேகமாகப் போ, நாளில் இருமடங்கு தூரம் போ என்று சொல்லிவிட்டது. வழியில் டயர் வெடித்தாலும் பில்லின் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். காலாவதியானால் அபராதம். சாலையில் மிச்சமான நேரம் எங்கே போயிற்று? சரக்கு இறக்கும் கிடங்கின் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டது. டோக்கன் வாங்கி, கூப்பிடுவார்கள் என்று வண்டிக்கு அடியிலேயே படுத்துக் கிடக்கிறார் டிரைவர். கிடங்கு மேலாளர் மதியம் சாப்பிடப் போயிருப்பார். இறக்குகூலி ஆட்கள் வரவில்லை என்பார்கள். தீபாவளி நேரத்தில் இரண்டு மூன்று நாள் நிற்பதும் உண்டு. திரும்புகாலில் லோடு அமையாமல் நிற்பது தனிக்கணக்கு. 'ஹால்டிங்' பணம் என்று ஏதோ கேட்டு வாங்கினாலும் அது பெரும்பாலும் வண்டி ஓனர் கணக்குக்குப் போகும். தவணைக்காரர் தேதி தவறாமல் வருகிறாரே, ஓனரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

நின்ற நேரத்தை ஈடுகட்ட ராத்திரி முழுக்க ஓட்டுவார்கள். கண் சொருகி விபத்தானால், டிரைவரின் கவனக்குறைவு என்று செய்தி வரும். அவரை முப்பது மணி நேரம் வாசலில் நிறுத்திய கிடங்கின் பெயர் எந்த முதல் தகவல் அறிக்கையிலும் ஏறுவதில்லை.

சட்டம் இதைப் பற்றி யோசிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியது. நெடுந்தூர வண்டிகளுக்குப் பத்து மணி, வாரத்துக்கு 54 வரை போகலாம் என்றது. வேலை நேரம் என்றால் என்ன என்ற வரையறையில் ஒரு நுணுக்கம் வைத்தது. முனையங்களில் சும்மா காத்து நிற்கும் நேரம் 15 நிமிடத்துக்குள் இருந்தால் அது வேலை நேரத்தில் சேர்ந்தது. அதற்கு மேல் நின்றால் அந்த வரையறை வாய் திறக்கவில்லை. கால் மணி நேரக் காத்திருப்பை மனதில் வைத்து எழுதிய சட்டத்தின் முன்னால் கால் வாரம் காத்திருந்தவர் போய் நின்றால் என்ன கிடைத்திருக்கும்? அதுவும் ஐந்து தொழிலாளர்களாவது உள்ள நிறுவனத்துக்குத்தான் அந்தச் சட்டம் பொருந்தியது. ஒற்றை லாரி, இரட்டை லாரி வைத்திருப்பவரிடம் வேலை பார்க்கும் டிரைவர் அதன் நிழலுக்கே வந்ததில்லை.

மற்ற நாடுகளிலும் இது தீர்ந்த பிரச்சினை இல்லை, ஆனால் குறைந்தது எண்ணுகிறார்கள். ஐரோப்பாவில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு கட்டாயம். நாளுக்கு ஒன்பது மணிக்கு மேல் ஓட்டக்கூடாது, வாரத்தில் இரண்டு நாள் பத்து வரை போகலாம். வண்டியில் பொருத்திய கருவி, ஓட்டிய நேரம், பிற வேலை, தயாராகக் காத்திருந்த நேரம், ஓய்வு என்று தனித்தனியே பதிவு செய்கிறது. அமெரிக்காவில் பணி தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள் அதிகபட்சம் 11 மணி ஓட்டலாம். 2017 டிசம்பரிலிருந்து மின்னணுப் பதிவு கட்டாயம். அங்கேயும் டிரைவர்களின் பெரிய புலம்பல், கிடங்கு வாசலில் நிற்பது அந்தப் பதினாலு மணியைத் தின்றுவிடுகிறது என்பதுதான். பிரிட்டனில் 2021 பிப்ரவரியில் ஊபர் வழக்கில் உச்ச நீதிமன்றம், செயலியைத் திறந்து சவாரிக்குத் தயாராகக் காத்திருக்கும் நேரமும் வேலை நேரமே என்று தீர்ப்புச் சொன்னது.

இங்கே அதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் புதிதாக வேண்டாம். சுங்கச்சாவடி கடந்த நேரம் ஃபாஸ்டேக்கில் இருக்கிறது. பல வண்டிகளில் ஜி.பி.எஸ். இருக்கிறது. கிடங்கு வாசலில் காவலாளி நோட்டு வைத்துக்கொண்டு வண்டி எண்ணை எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். லாரி ரசீதில் இரண்டு கட்டம் கூடுதலாக அச்சடித்தால் போதும். வாசலுக்கு வந்த நேரம், இறக்கி முடித்து வெளியே போன நேரம். இத்தனை மணிக்கு மேல் நிறுத்தினால் மணிக்கு இவ்வளவு என்று சரக்கு அனுப்புகிறவரிடம் எழுதி வாங்க வேண்டும். அதில் இவ்வளவு டிரைவர் கைக்கு நேராகப் போக வேண்டும் என்றும் எழுத வேண்டும்.

சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் உள்ள லாரி உரிமையாளர் சங்கங்களின் குரல் டெல்லி வரைக்கும் கேட்கும். டீசல் விலைக்கும் சுங்கக் கட்டணத்துக்கும் காப்பீட்டு பிரீமியத்துக்கும் வண்டிகளை நிறுத்திப் போராடியவர்கள் அவர்கள். அடுத்த முறை வாடகை பேச உட்காரும்போது, வாசலில் நின்ற நேரத்துக்கான கூலியையும் அந்த மேசையில் வையுங்கள்.